தேயிலை மலையில் மறுமொழிக் கலை: படவண்டி முதல் கைப்பேசி வரை

காண்பாரும் கேட்பாரும் வாளா இராமல், தாமும் கைவைத்துக் குரல்கொடுத்து உருமாற்றுவதற்கு இடந்தரும் கலையே இக்காலப் பொதுக்கலை என்று மேனாட்டார் எழுதுகின்றனர். கைப்பேசியும் இணையமும் இதற்கு ஏற்ற கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. கருவி புதிது, கருத்து புதிதன்று. தெருக்கூத்தில் கட்டியங்காரன் களத்தில் அமர்ந்தோரை வம்புக்கிழுப்பதும், அவர்கள் எதிர்மொழி கூறுவதும், அம்மொழியையே அவன் அடுத்த நகைச்சுவைக்கு முதலாகக் கொள்வதும் தமிழர் நெடுங்காலமாக அறிந்தவை. ஆராய வேண்டியது வேறொன்று: ஒரு கருவி மக்களிடையே வரும்போது, அது அவர்களுக்குச் சொல்ல வருகின்றதா, அவர்கள் சொல்வதைக் கேட்க வருகின்றதா? பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தமிழரின் வரலாறு இவ்வினாவுக்கு நல்ல உரைகல்லாக அமைகின்றது.

நில அளவையாளரான வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தை 1885-ஆம் ஆண்டில் கண்டு குறித்துச் சென்றார். அதன் பின் நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. 1925-இல் ஜார்ஜ் மாக்ஸ்வெல் நேரிற் சென்று பார்த்த பின்னரே அதனை மலைவாழிடமாக்கும் முயற்சி வலுப்பெற்றது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு வளைந்து வளைந்து ஏறும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சாலை 1930-களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது. இதற்கிடையே, 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்பார், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிற் பழகிய ஏ. பி. மில்ன் என்பாரைத் துணையாகக் கொண்டு, ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர்ச் சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலிய தோட்டங்களும், 1933-இல் பாரத் தேயிலை நிறுவனமும் எழுந்தன.

இவ்வாண்டுகளைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு 1938-இல் நிறுத்திவிட்டது. ஆகவே கேமரன் மலைத் தோட்டங்கள் தமிழ்நாட்டிலிருந்து நேரே ஆள்பெற்ற காலம் பத்தாண்டுக்கும் குறைவே. ரப்பர்த் தோட்டங்களைப் போல மூன்று தலைமுறைக் குடியேற்றம் அடுக்கடுக்காக வந்து சேர்ந்த இடமன்று இது. கடைசி அலையில் வந்தோரும், கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களிலிருந்து மேலே ஏறியோரும் சேர்ந்த சிறு சமுதாயம். சிறிதாக இருந்ததனாலேயே அதற்குக் கோயிலும் பள்ளியும் இன்றியமையாதனவாயின. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி, ரிங்லெட், தானா ராத்தா என்னும் பெயர்களைத் தாங்கித் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எழுந்தது.

மலாயாத் தோட்டங்களில் பொதுக்கலை நிகழ்ந்த இடம் கோயில் முன்றில்தான். திருவிழாவை ஒட்டிக் கூத்தும் நாடகமும் நிகழும். ஆடுவோர் பகலில் வேலைக்காட்டில் உடன் நின்றவர். காண்போர் அவருடைய பக்கத்து லயத்தார். வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்போர் களத்திலேயே இருப்பர். நடிப்பு பிடித்துப்போனால் நடுவிலேயே அன்பளிப்பு வரும். அதனை மேடையிலேயே அறிவிப்பர். கதை சற்று நிற்கும். நாடக இலக்கணம் அறிந்தார் இதனைக் குறையென்பர். ஆயினும் மறுமொழி கலைக்குள்ளேயே இடம்பெற்ற நிலை இது என்பதை மறத்தலாகாது.

இந்நிலை மாறியது அவசரகாலத்தில் (1948–1960). கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிரான போரில் தோட்டத் தொழிலாளரின் மனத்தைத் தன்பாற் கொள்ள வேண்டுமென்று ஆங்கில ஆட்சி கருதியது. 1946-இல் நிறுவப்பட்ட மலாயாப் படப்பிடிப்பு நிறுவனம் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளிற் படங்களை ஆக்கியது. அவற்றை ஏற்றிக்கொண்டு அரசின் படவண்டிகள் நாடெங்கும் சென்றன. வண்டியிலேயே மின்னாக்கி, படக்கருவி, ஒலிபெருக்கி எல்லாம் இருக்கும். திடலில் வெள்ளைத்திரை கட்டுவர். இருட்டியதும் லயத்து மக்கள் பாயுடனும் சாக்குடனும் வந்து அமர்வர். சக்கரத்தின் மேல் ஊர்ந்து வந்த பொது ஊடகம் இது. ‘நடமாடும்’ என்னும் அடைமொழி கைப்பேசிக்கு முன்னரே இப்படவண்டிக்கு உரியதாயிருந்தது.

வானொலியும் அவ்வாறே வந்தது. 1946 ஏப்ரல் 1-ஆம் நாள் தொடங்கிய ரேடியோ மலாயாவில் தமிழுக்கும் இடம் இருந்தது. 1950-இல் அவசரகாலத் தகவற் பணிக்குத் தலைவராக ஹியூ கார்ல்டன் கிரீன் வந்தார். அவர்கீழ் அலெக்ஸ் ஜோசி என்பார், தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்துக் கூட்டமாகக் கேட்கச் செய்யும் திட்டத்தை நடத்தினார். தனியொரு தொழிலாளி வானொலிப் பெட்டி வாங்குதல் அரிதாயிருந்த காலம். ஆகவே கூட்டமாகக் கேட்டனர். பாட்டு வந்தால் நின்றனர். அறிவுரை வந்தால் கலைந்தனர் என்று ஊகிப்பதில் தவறில்லை. ஆனால் பெட்டி அவர்களைக் கேட்கவில்லை. திரைக்கு முன் அமர்ந்த கூட்டம் சிரித்ததும் முணுமுணுத்ததும் படத்தை ஒருசிறிதும் மாற்றவில்லை. கூத்துக்களத்தில் இருந்த மறுமொழி, கருவி வந்ததும் அற்றுப்போயிற்று.

அற்றுப்போன அம்மறுமொழி வேறொரு வழியில், தாளின் வழியாகத் திரும்பி வந்தது என்பது மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றின் சுவையான பகுதி. 1924-இல் தொடங்கி 2019 சனவரி வரை நடந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழில், 1950–51-ஆம் ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். வாசகரே மாணவர், அவர்கள் கதை எழுதி அனுப்புவர், ஆசிரியர் குறைநிறை கூறித் தரம் பிரிப்பர். நாளிதழின் பக்கமே வகுப்பறையாயிற்று. கோ. சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றத்தின் வாயிலாக இளைஞரை எழுதத் தூண்டியது. 1952 முதல் அவர் முன்னின்று நடத்திய தமிழர் திருநாள் அவர்களை மேடைக்கும் கொணர்ந்தது. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் ‘சங்கமணி’ என்னும் ஏட்டை வெளியிட்டது. வானொலியில் நேயர் விருப்பப் பாடலும் பிறந்தநாள் வாழ்த்தும் பெருகின. தோட்டத்தின் பெயரும் அனுப்பினோர் பெயரும் அலையில் ஒலிக்கக் கேட்பதற்காகவே அஞ்சலட்டை எழுதினோர் பலர். அப்பெயர்ப் பட்டியலைப் பாட்டுக்கு இடையூறு என்று சலித்துக்கொண்ட நகரத்தார், ஒரு தோட்டத்துப் பெண் தன் பெயரை வானொலியில் முதன்முறை கேட்டபோது அடைந்த பெருமிதத்தை உணர்ந்தவர் அல்லர்.

இம்மறுமொழிக்கு ஒரு வரம்பு இருந்தது. எழுதத் தெரிந்தவர்க்கே அது உரியது. தாப்பாச் சாலையில் இறங்கிச் சென்ற கடிதத்திற்கு விடை வர நாளாகும். சிறு டிரான்சிஸ்டர் வானொலி பரவியபோது பொதுப்பெட்டியைச் சூழ்ந்த கூட்டம் திண்ணை திண்ணையாகப் பிரிந்தது. 1963 டிசம்பர் 28-இல் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கிய பின் அது மெல்ல வீட்டிற்குள் புகுந்தது. ஒலியும் ஒளியும் பெருகின. ஒன்றாகக் கூடிக் கேட்டல் சுருங்கிற்று.

கைப்பேசியைக் கலைஞர்கள் கையில் எடுத்த காலம் 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். 2001 செப்டம்பரில் ஆஸ்திரியாவின் லின்சு நகரில் கோலன் லெவின் என்பார் ஓர் இசையரங்கு நடத்தினார். அவையோரின் சுமார் 200 கைப்பேசிகளே இசைக்கருவிகள். அவற்றின் எண்களை முன்கூட்டியே பெற்று, மேடையிலிருந்து அழைத்து, மணியோசைகளைக் கோத்து இசையாக்கினர். அதே மாதத்தில் பெர்லினில் ‘ஆசிரியர் இல்லம்’ என்னும் பெயருடைய உயர்மாடத்தின் 144 சாளரங்களுக்குப் பின்னே விளக்குகள் அமைத்தனர். வழிப்போக்கர் தம் கைப்பேசியால் அம்மாடத்தின் மீதே பந்தாடலாம். காதற் செய்தியும் காட்டலாம். ஆசிரியர் இல்லத்துக்கு இப்படியொரு பயன் நேருமென்று அதனைக் கட்டியோர் கருதியிரார்! 2003 நவம்பரில் ஜப்பானின் யாமகுச்சி நகரில் மெக்சிகோவிற் பிறந்த இராபேல் லொசானோ-ஹெம்மர் 20 பேரொளி விளக்குகளை வானில் நிறுத்தினார். மக்கள் கைப்பேசியிலும் இணையத்திலும் அனுப்பிய குறுஞ்செய்திகள் ஒளித்துடிப்புகளாக மாறி, எவரேனும் ‘பிடிக்கும்’ வரை வானிலேயே மிதந்தன.

செய்தியையே கலையின் கச்சாப்பொருளாகக் கொள்ளும் இத்தகைய முயற்சிகளுக்கு அடிப்படையான ஒன்று உண்டு: அனுப்புவோரின் எழுத்தைக் கைப்பேசி அறிந்திருத்தல் வேண்டும். உரோம எழுத்துடையார்க்கு அது இயல்பாகக் கிடைத்தது. தமிழர் அதனை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இவ்வரலாற்றின் பெரும்பகுதி சென்னையில் அன்று, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நிகழ்ந்தது என்பது இந்நாட்டுத் தமிழாசிரியர் மாணவர்க்குச் சொல்லத்தக்கது.

சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி (1946–1999) தமிழ்க் கணினித் துறையின் முன்னோடிகளுள் ஒருவர். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய திட்டத்தில் தமிழ் எழுத்து இடம்பெற்றது அவர் முயற்சியால். தமிழ் எழுத்து உலக இணையத்தில் முதன்முதல் தோன்றியவற்றுள் கவிதையே முன்னின்றது என்பது மகிழ்தற்குரியது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதலே தமிழ்க் கணினி மென்பொருளில் ஈடுபட்டு ‘முரசு அஞ்சல்’ என்பதனை உருவாக்கினார். அவர் தந்தையார் முரசு நெடுமாறன், கேரித் தீவுத் தோட்டத்திற் பிறந்து, தமிழாசிரியராகவும் கவிஞராகவும் விளங்கியவர். 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி, ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்னும் பெருந்தொகுப்பை 1997-இல் வெளியிட்டவரும் அவரே. தோட்டத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் தந்தை பழைய ஏடுகளிற் சிதறிய கவிதைகளைத் தொகுத்தார். மகன் புதிய கருவிகளுக்கு எழுத்து அமைத்தார்.

2005-ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சிங்கப்பூரின் ஒலி 96.8 வானொலியோடு இணைந்து, முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ வெளியிடப்பட்டது. கைப்பேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி எழுதி அனுப்ப உதவும் செயலி அது. நேயரின் அஞ்சலட்டைக்குக் காத்திருந்த வானொலி, நேயரின் தமிழ்க் குறுஞ்செய்தி பிறப்பதற்குத் துணைநின்றது பொருத்தமே.

அன்றைய இடர்ப்பாட்டை இன்று திறன்பேசியைத் தொட்டுத் தடவி எழுதுவோர் எளிதில் உணரார். ஒரு குறுஞ்செய்திக்கு 140 பைட் இடமே உண்டு. உரோம எழுத்தானால் 160 எழுத்துகள் அடங்கும். ஒருங்குறியில் எழுதும் தமிழுக்கோ 70 குறியிடங்களே. அதிலும் நாம் ஓரெழுத்தாகக் கருதும் ‘கொ’ ககரமும் உயிர்க்குறியுமாக இரண்டு இடம் கொள்ளும். மெய்யெழுத்துக்கும் புள்ளியோடு இரண்டு இடம். ‘தேயிலைக் கொழுந்து’ என்று எழுத இடைவெளியோடு 17 இடம் போய்விடும், எஞ்சுவன 53. ஆயினும் வள்ளுவர்க்கு இடர்ப்பாடில்லை: திருக்குறளின் முதற் குறள் இடைவெளிகளோடு சேர்த்து 45 இடங்களில் அடங்குகின்றது. நாலடி வெண்பா பெரும்பாலும் அடங்காது, இரண்டு செய்தியாகப் பிரியும், இரண்டுக்கும் கட்டணம். பன்னிரண்டு பொத்தான்களில் 247 எழுத்தையும் எழுப்ப வேண்டியது இன்னொரு சிக்கல். ஒரே பொத்தானைப் பலமுறை அழுத்தி எழுத்தை வரவழைத்தனர். யாப்பிலக்கணம் கற்பிப்போர் குறள் வெண்பாவின் சுருக்கத்தை விளக்குவதற்கு இதனைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

2010-களின் நடுவில் பெரும்பாலான திறன்பேசிகள் தமிழைத் தாமே காட்டவும் ஏற்கவும் தொடங்கின. இந்நாட்டுத் தமிழர் வாட்சாப்புக்குப் ‘புலனம்’ என்றும், பேஸ்புக்குக்கு ‘முகநூல்’ என்றும் பெயரிட்டு வழங்கினர். பெயரிடுதலில் இருந்த ஊக்கம் எழுதுவதில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ் எழுத்து கையருகே இருக்க, தமிழை உரோம எழுத்தில் தட்டுவோர் மிகுதி. ஒருபுறம் இது சோம்பல். மறுபுறம், தமிழ்ப்பள்ளியை விட்டு நீங்கிய பின் தமிழ் எழுதும் வாய்ப்பே அமையாத வாழ்க்கையின் விளைவு. எழுத்தறியாத முதியோர்க்கோ குரற்பதிவு பெருவரமாயிற்று. பழைய அஞ்சலட்டைக் காலத்தில் வாய்ப்பே பெறாதிருந்த பாட்டி, இன்று தாலாட்டையோ ஒப்பாரியையோ பேரன் நீட்டும் கைப்பேசியிற் பாடிவிடலாம். நொடியில் அது கோலாலம்பூர்க்கும் சிங்கப்பூர்க்கும் சென்றுவிடும். கூத்துக்களத்து மறுமொழிக்கு மிக அண்மையில் நிற்பது எழுத்தைவிட இக்குரலே எனலாம்.

கேமரன் மலையிலேயே அலைக்கு மேடுபள்ளம் உண்டு. 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட பிரிஞ்சாங் மலையுச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன. சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகள் அவ்வுச்சிக்குச் செல்லும் சாலையை ஒட்டியவை. எனினும் இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வனவாகையால், உச்சியிற் கோபுரம் இருந்தும் மலைமடிப்பினுள் ஒடுங்கிய இடத்திற்கு அலை எட்டாமற் போவது இயல்பு. 2020 மார்ச் 18-இல் நோய்த்தொற்றின் பொருட்டு நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, நாடெங்கும் பாடம் கைப்பேசிக்கு மாறியது. அந்நாளில் ஒரு மாணவன் பாடம் பெறுவது அவன் வீடு மேட்டில் உள்ளதா பள்ளத்தில் உள்ளதா என்பதையும் பொறுத்ததாயிற்று.

இம்மலையின் மிகப் பெரிய பொதுக்கலை இன்று எது என்று கேட்டால், வருவோர் எடுக்கும் நிழற்படம் என்றே விடை கூற வேண்டும். சுங்கை பாலாஸில் பள்ளத்தாக்கின் மீது நீண்டு நிற்கும் மேடையில் நின்று, பின்னே பச்சை வரிசைகள் தெரிய, எத்தனையோ பேர் தம்மைத் தாமே படம் பிடித்து உலகுக்கு அனுப்புகின்றனர். அப்படங்களில் தேயிலை உண்டு. தேயிலை எடுப்பார் தொலைவிற் சிறு புள்ளியாக உண்டு, அல்லது இல்லை. கலைக்கு இம்மலை தந்த பெயரும் இதனை ஒத்ததே. 2001-இல் கோலாலம்பூரில் ஜென்னி டேனீல்சும் கேத்தி ரோலண்டும் தொடங்கிய ‘காக்கிசெனி’ என்னும் கலை இணையத்தளம், போ நிறுவனத்தின் ஆதரவோடு 2002-இல் ‘கேமரோனியன்’ கலை விருதுகளை ஏற்படுத்தியது. நாடகம், நடனம், இசை ஆகியவற்றுக்கு அது செய்த தொண்டு மெய்யானது. ஆயினும் அவ்விருதுக்கு உரியவை கிள்ளான் பள்ளத்தாக்கின் மேடைகளில் நிகழ்ந்த கலைகளே. மலையின் பெயர் தலைநகர்க்குச் சென்றது. மலையின் கூத்து அங்குச் செல்லவில்லை.

தோட்டத்தின் மக்களும் மாறிவருகின்றனர். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் கல்விக்கும் வேலைக்கும் கீழே இறங்கிவிட்டனர். கொழுந்து வெட்டும் பணியை இருவர் தூக்கிச் செல்லும் பொறி பெரிதும் மேற்கொண்டுள்ளது; அப்பொறியைப் பிடிப்போருட் பெரும்பாலோர் வங்காளதேசத்தினின்றும் நேப்பாளத்தினின்றும் இந்தோனேசியாவினின்றும் வந்தவர். இறங்கிச் சென்ற தமிழரைத் தோட்டத்தோடும் பழைய பள்ளியோடும் பிணைப்பன புலனக் குழுக்களே. திருவிழா அறிவிப்பும் இறப்புச் செய்தியும் பழைய வகுப்பு நிழற்படமும் பாட்டியின் குரலும் அவற்றில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

இங்குதான் வரலாறு எழுதுவோர்க்கு ஓர் இடர் எழுகின்றது. படவண்டி ஏற்றி வந்த மலாயாப் படப்பிடிப்பு நிறுவனத்தின் படங்கள் பல ஆவணக் காப்பகங்களில் உள்ளன. அவற்றைப் பார்த்தோர் அன்று திடலிற் கூறிய சொல் ஒன்றும் இல்லை. கதை வகுப்புக்கு வந்த கதைகளுள் அச்சேறியவை பழைய ஏடுகளில் தேடக் கிடைக்கலாம், அச்சேறாதவை போயின. புலனத்தில் வரும் குரலும் பாட்டும் கைப்பேசி பழுதானால், குழு கலைந்தால், இடம் போதாதென்று அழித்தால், அவற்றோடு போய்விடும். ஒருங்குறியும் அலையும் பெற்றும், நாளைய ஆராய்ச்சியாளர்க்கு மறுபடியும் சொன்னவர் குரல் மட்டுமே எஞ்சிக் கேட்டவர் குரல் எஞ்சாமற் போகக்கூடும்.

நூறாண்டுக் கவிதையைத் தாளினின்றும் தொகுத்தவர் ஒரு தமிழாசிரியர் என்பதை நினைவிற் கொண்டால், தோட்டத்து முதியோரின் குரற்பதிவைத் தொகுக்கத் தக்கவர் எவர் என்பது தெளிவு. கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கருவி கையிலேயே இருக்கின்றது. பாடியவர் இசைவு, பெயர், பிறந்த ஆண்டு, தோட்டம், பாடிய சூழல், பதிந்த நாள் ஆகியவற்றைத் தமிழிலேயே குறித்து, ஒரு படியைப் பள்ளியிலும் ஒரு படியைப் பல்கலைக்கழக நூலகத்திலும் வைத்தல் போதும். நாள் குறியாத பதிவு, பிறகு எத்துணை இனியதாயினும், எந்தத் தலைமுறையின் பாட்டு அது என்பதைக் காட்டாது.